மார்ச் மாதத்து ஈரம்

காட்டு நடுவே நிற்கும் அளவைக் கோபுரத்தின் உச்சியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும், கீழே கொட்டகையில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றாலும் ஒரு கோடுகூட வராது, பதினொன்றரைக்குக் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடுவோம் என்று குழுவினர் சொல்லியிருந்ததால் பத்து மணிக்கே ஏறத் தொடங்கிவிட்டேன். நாற்பத்தைந்து மீட்டர், ஏழு தட்டு. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் இரண்டு கொக்கி, ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். தனியாக ஏறக் கூடாது என்பது இங்கே விதி. அதனால் கோபுரத்தைப் பராமரிக்கும் மாசாணமுத்து எனக்கு முன்னால் ஏறுகிறார், ஒவ்வொரு தட்டிலும் நின்று திரும்பி "மாட்டிட்டீங்களா மேடம்" என்று கேட்கிறார், நான் "மாட்டிட்டேன்" என்கிறேன், அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை. நான்காவது தட்டுவரைக்கும் காட்டுக்குள் ஒரு பச்சை இருட்டு. ஐந்தாவதில் இலைகள் முகத்தில் உரசும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. ஆறாவதில் தலை மட்டும் வெயிலுக்குள் போய்விடுகிறது, உடம்பு இன்னும் நிழலில் கிடக்கிறது, அந்த ஒரு நிமிடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. ஏழாவதில் காடு முழுவதும் காலுக்குக் கீழே. உயரம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பத்தொன்பது வருடமாக ஏறுகிறேன், இன்றைக்கும் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருக்கிறது. உட்கார்ந்தால் பயம் பாதியாகிவிடும். உட்காருகிறேன். இன்னும் ஒரு மணி நேரம்.

மார்ச் மாதம். மழை பெய்து எழுபது நாளாகிறது, கீழே பொள்ளாச்சிப் பக்கம் புல் கருகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நேற்று மலை ஏறி வந்தேன், ஆனால் இந்தக் காட்டுக்கு அது யாரும் சொல்லாத செய்தி. நாங்கு மரங்கள் செக்கச்செவேலென்று தளிர்விட்டு நிற்கின்றன. வெடிப்பலாக் கிளையில் ஒரு சோலைமந்தி உட்கார்ந்து பூவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்கிறது, என்னைப் பார்க்கிறது, நான் அதற்கு முக்கியமில்லை. இந்த இலைகள் எல்லாவற்றிலிருந்தும் இப்போது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீர் மேலே போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற பனிமூட்டம் ஏற்கெனவே துளியாகிவிட்ட நீர், அது வேறு. ஆவியைப் பார்க்கத் தெரிந்தது என் தலைக்கு மேல் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு மட்டும்தான், ஒரு சாண் இடைவெளியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் கண்ணாடிகள், நடுவே போகும் காற்றில் எவ்வளவு ஈரம் என்று விநாடிக்குப் பத்துத் தடவை அது எண்ணுகிறது. எண்ணிய ஈரம் மேலே போகும், காற்று அதைக் கிழக்கே தள்ளும், எங்கேயோ மழையாக விழும், அங்கே ஒரு மரம் குடித்து மறுபடி மேலே விடும். ஒரே நீர் இரண்டு தடவை மழையாகிறது, மூன்று தடவைகூட. கிழக்கே சமவெளியில் பெய்யும் கோடைமழையில் எவ்வளவு இந்தக் காடு அனுப்பியது, எவ்வளவு கடலிலிருந்து நேராக வந்தது என்பதுதான் நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே கேள்வி. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் கூட ஆராய்ச்சி செய்யும் வத்ஸனும் அதற்கு ஒரு கட்டுரையில் பதில் எழுதினோம். நூற்றுக்கு நாலு. நாலு பங்குதான் காடு தருவது. இப்போது மலையின் கிழக்குச் சரிவில் ஆறாயிரம் ஏக்கர் காட்டை அழித்து ஒரு நீர்த்தேக்கமும் சாலையும் வரப்போகிறது, அதற்கு அனுமதி தரலாமா என்று பார்க்கும் குழுதான் இன்றைக்கு என்னைக் கூப்பிடப்போகிறது, அந்தத் திட்ட அறிக்கையின் எழுபத்திரண்டாம் பக்கத்தில் மழைக்குப் பாதிப்பு மிகக் குறைவு என்று எழுதி அடிக்குறிப்பில் எங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அமலோற்பவம், எழுத்துப்பிழை இல்லாமல்.

அந்த நாலு எங்கிருந்து வந்தது என்றால், மாடலிலிருந்து வந்தது. மாடல் என்றால் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கணினிக்குள் வைப்பது, ஒவ்வொரு கட்டமும் ஐம்பது கிலோமீட்டர். இந்தக் கோபுரம், இந்த மந்தி, அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், அணை, வால்பாறை பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஒரே கட்டத்துக்குள். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு மரம் உண்டு, எல்லா மரங்களின் சராசரி. சில நாள் மத்தியானத் தூக்கத்தில் நான் அந்தக் கட்டத்துக்குள் போயிருக்கிறேன். தரை மட்டமாக இருக்கும், நிழல் எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒலி இருக்காது. அந்த ஒற்றை மரத்தின் கீழே நின்று மண்ணைத் தோண்டினால் இரண்டு மீட்டரில் வேர் முடிந்துவிடும், கத்தரித்ததுபோல. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, கறுப்புகூட இல்லை. ஜனவரியில் மழை நின்றால் பிப்ரவரிக்குள் அந்த இரண்டு மீட்டர் மண்ணும் காய்ந்துவிடும், மரம் இலையின் வாய்களை மூடிக்கொள்ளும், மார்ச் மாதத்தில் ஆவி ஏறாது. மழையும் அங்கே வேறு மாதிரி. வெயில் ஏறின உடனே, பதினொரு மணிக்கே, பொசுபொசுவென்று தூறிவிட்டு ஓய்ந்துவிடும், மேலே போன ஈரம் பயணப்பட நேரமில்லாமல் அங்கேயே விழுந்துவிடும். நிஜத்தில் மேகம் பொறுமையாக இருக்கும், நாலு மணிவரை சேர்த்துவைத்துக்கொண்டு கிழக்கே நகர்ந்துதான் கொட்டும். நாங்கள் அதை அறியாதவர்கள் இல்லை. எல்லா மாடலுக்கும் இந்தக் குறை உண்டு, கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி அதைப் பற்றி எழுதியும் இருந்தோம். கடைசிப் பக்கத்து மூன்று வரியை யார் படிக்கிறார்கள்.

மேற்கே இருட்டினால் என் அப்பாவுக்கு முகம் மாறிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை அவருக்கு. பாத்தியில் கடல்தண்ணீரைக் கட்டி வெயிலில் விட்டு, ஆவியாகிப் போக விட்டு, மிஞ்சுவதை வாரிக் குவிப்பது. ஊர் உலகமெல்லாம் மழை வேண்டும் என்று பூசை வைக்கும், எங்கள் தெருவில் மழை வரக் கூடாது என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி கொளுத்துவார்கள். பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம், எனக்கு எட்டு வயது இருக்கும், அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன், வரப்பில் நின்று மேற்கே பார்த்தவர், "மலையில இருந்து வருது" என்றார், அவ்வளவுதான் சொன்னார். அரை மணி நேரம் பெய்தது. வெள்ளைக் குவியல்கள் ஓரங்களில் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகி இறங்கின, ஆம்பிளைகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள், செய்வதற்கு ஒன்றும் இல்லாததால். அந்த மழை எந்த மரத்தின் ஈரம்? இதோ இந்த வெடிப்பலாவாக இருக்கலாம், அதன் அம்மாவாக இருக்கலாம். எட்டு வயதில் உடம்பெல்லாம் நனைய ஒரு பொண்ணு நின்றாள் என்பது ஆதாரம் ஆகாது, ஒரு நாள் மழையை வைத்து எதையும் சொல்ல முடியாது, என் மாணவர்களுக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நாலு என்ற எண்ணை முதலில் திரையில் பார்த்த அன்றைக்கு மலையில இருந்து வருது என்ற குரல் காதில் கேட்டது. நான் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். கேட்காத மாதிரி இருப்பது ஒரு பழக்கம், வந்துவிட்டால் எளிதாக இருக்கிறது.

போன் அடிக்கிறது. குழு இல்லை, வத்ஸன். ஸ்ரீவத்ஸன் என்னோடு அந்தக் கட்டுரையை எழுதியவன், மாடலில் மரத்தையும் மண்ணையும் பற்றிய பகுதி அவன் எழுதியது, அடுத்த மாதம் அவனுடைய நிறுவனத்தில் பெரிய பொறுப்புக்கு அவன் பெயர் போகப்போகிறது. "அமலி, மேல ஏறிட்டியா" என்கிறான். ஏறிவிட்டேன் என்கிறேன். "பாரு, நிச்சயமின்மை இருக்குன்னு சொல்லு. நாலுங்கறது ரெண்டாவும் இருக்கலாம், எட்டாவும் இருக்கலாம்னு சொல்லு. அது பொய் இல்லை. நம்ம தப்புன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல." காற்றில் அவன் குரல் வந்து வந்து போகிறது. "எல்லா மாடலும் அப்படித்தானே இருக்கு, நாம மட்டுமா?" அது உண்மை, அவன் சொல்வதில் பொய்யான ஒரு சொல்கூட இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. "அந்த மார்ச் டேட்டா?" என்று கேட்கிறேன். "அதை யாரு கேக்கப்போறா" என்கிறான். பிறகு, அவன் கெட்டவன் இல்லை, "சாப்பிட்டியா" என்று கேட்கிறான், குழுவின் அழைப்பில் தானும் சேர்ந்துகொள்ளப்போவதாகச் சொல்கிறான், வைத்துவிடுகிறான்.

மார்ச் டேட்டா. அதைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறேன், பக்கத்தில் போவதில்லை. கட்டுரை முடியும் தறுவாயில் இந்தக் கோபுரத்திலிருந்து வந்த அளவுகளை மாடலோடு ஒப்பிட்டோம். ஜூன் ஒத்துப்போனது, நவம்பர் ஒத்துப்போனது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை மாடலின் கோடு சரிந்து தரையைத் தொட்டது, கோபுரத்தின் கோடு சரியவே இல்லை, இதோ இந்த மரங்களைப் போல அலட்டிக்கொள்ளாமல் மேலேயே நின்றது. காடு எங்கோ ஆழத்திலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அல்லது கண்ணாடி அழுக்காகி, கருவி தப்பாக எண்ணுகிறது என்று அர்த்தம். இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, கட்டுரையை அனுப்பப் பத்து நாள் இருந்தது. கள நிலையத்துக்குப் போன் போட்டேன், மாசாணமுத்துதான் எடுத்தார். "வாரா வாரம் தொடைச்சிட்டுத்தான் இருக்கேன் மேடம், போன செவ்வாக்கெழமகூட ஏறினேன், கண்ணாடி சுத்தமா இருக்கு" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அன்றைக்கே நிலையத்தின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கருவிப் பராமரிப்பில் கவனக்குறைவு ஏற்பட்டிருப்பதாகத் தெரிகிறது, மூன்று மாதத் தரவுகளை நீக்க வேண்டியுள்ளது. ஒரு கோட்டை அழிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அப்படி யோசித்து எழுதினேனா என்றால் இல்லை, யோசிக்கவே இல்லை, விரல் தானாக எழுதியது. அவரை நிறுத்திவிட்டார்கள். பதினான்கு மாதம் தேயிலை ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். பொறுப்பாளர் மாறி, வேறு யாருக்கும் இந்தக் கோபுரத்தில் ஏறத் துணிச்சல் இல்லாமல் போன பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார்கள். போன வருடம் வேறு கம்பெனியின் கருவி ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே பொருத்தினோம். இரண்டு கருவி, ஒரே மார்ச், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து மேலேயே நின்றன. அன்றைக்கு நீக்கி வைத்திருந்த பழைய கோட்டை எடுத்து அவற்றின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்று.

அவர் இப்போது எனக்கு இரண்டடி தள்ளி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மெல்லிய துணி, ஸ்பிரிட் ஒரு சொட்டு, மையத்திலிருந்து வெளியே. துடைத்துவிட்டு மூச்சுக்கூட அதன் மேல் படக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திரும்ப வந்து ஏறக்குறைய ஐந்து வருடமாகிறது, அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார், அதுவும் ஜீப்பில் வேறு எதற்கோ பேச்சு வந்தபோது. "அங்கயும் ஈரத்தத்தான் மேடம் எடுத்தோம். இலைக்குக் கீழ ஃபேன் ஓடும், ராவெல்லாம்" என்றார், சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கடிதம் எழுதியது நான் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் என் கொக்கியைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சரி பார்க்கும் மனிதரைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும்? காற்று எழுகிறது, காடு முழுவதும் இலை புரண்டு வெள்ளை அடிப்பக்கம் காட்டி, மறுபடி பச்சையாகிறது, கடல் மாதிரி என்று தோன்றுகிறது, கண் சொருகுகிறது. மேற்கே இருவாட்சி ஒன்று பறக்கும் ஓசை, யாரோ கனமான சீலையை உதறுவதைப் போல. இந்த வெயிலில், இந்த ஆட்டத்தில், எதையும் சொல்லாமல் நாள் முழுக்க இருந்துவிடலாம். நிச்சயமின்மை இருக்கிறது. அது எவ்வளவு மெத்தென்ற சொல், அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்ளலாம். "மேடம், போனு" என்கிறார் மாசாணமுத்து. மடியில் அடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கேட்கவே இல்லை.

காற்றில் சரியாகக் கேட்காது என்று ஒலிபெருக்கியில் போடுகிறேன். "அமலோற்பவம் மேடம்தானே, வணக்கம்" என்கிறார் குழுத் தலைவர், நிதானமான, வயதான குரல். வத்ஸனும் சேர்ந்துவிட்டான், அவன் இருமுவது கேட்கிறது. "ஒரே ஒரு கேள்விதாம்மா. கோடைமழைல காட்டோட பங்கு நூத்துக்கு நாலுன்னு எழுதியிருக்கீங்க. அத இன்னைக்கும் உறுதிப்படுத்துறீங்களா?" நிச்சயமின்மை என்று வாய் தொடங்குகிறது, அது வெளியே வரவில்லை, வேறொன்று வருகிறது. "இல்ல சார். நாலு தப்பு" என்கிறேன். வத்ஸன் "அமலி" என்கிறான், அவ்வளவுதான். "அப்ப எவ்வளவு?" என்கிறார் தலைவர். "எனக்கு இன்னும் தெரியாது. நாலைவிட அதிகம், அது தெரியும். எங்க மாடல்ல மரத்தோட வேரு ரெண்டு மீட்டர்ல முடிஞ்சிடுது. அதனால மார்ச் மாசத்துல காடு காஞ்சு போனதா அது நினைச்சுக்குது. இங்க காடு காயல. நான் அதுக்கு மேலதான் உக்காந்திருக்கேன்." யாரோ காகிதம் புரட்டுகிறார்கள். தலைவர் விடவில்லை, நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். "கோபுரத்துல அளந்தும் பாத்ததா கட்டுரைல இருக்கேம்மா. அப்பவே தெரிஞ்சிருக்கணுமே. கருவிக் கோளாறுன்னு மூணு மாசத்த விட்டிருக்கீங்க. என்ன கோளாறு?" இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று வத்ஸன் சொன்னான். துணி நின்றுவிட்டது. நான் மாசாணமுத்துவைப் பார்க்கவில்லை, பார்க்காமலே அந்தத் துணி நின்றது தெரிகிறது. ஆமாம் சார், பராமரிப்பில் ஒரு சின்னக் குறை, அதன் பிறகு சரிசெய்துவிட்டோம் என்று சொன்னால் முடிந்தது, எண்ணும் திருந்திவிடும், காடும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். உடம்பு முழுவதும் உயரத்தை உணர்கிறது, தட்டின் கம்பி இடைவெளி வழியாக நாற்பத்தைந்து மீட்டரும் ஒரேயடியாகத் தெரிகிறது. "கோளாறு ஒண்ணும் இல்ல சார்" என்கிறேன். "கருவி சரியாத்தான் இருந்துச்சு. மாசாணமுத்துன்னு இங்க பாத்துக்கறவரு, வாரா வாரம் சுத்தம் பண்ணிட்டுத்தான் இருந்தாரு. எங்கிட்ட அதைச் சொல்லவும் செஞ்சாரு. எங்க கணக்கோட அது ஒத்துவரல, அதனால கருவி மேல பழி போட்டேன். அவர் மேல போட்டேன். தப்பு என்னோடது." பிறகு தலைவர், "இத எழுத்துல அனுப்புங்க. அது வந்து மறுபடி கணக்குப் பாக்கறவரைக்கும் எழுபத்திரண்டாம் பக்கத்த வச்சு நாங்க எந்த அனுமதியும் குடுக்க முடியாது" என்றார். வத்ஸன் பக்கம் எப்போது துண்டிக்கப்பட்டது என்று நான் கவனிக்கவில்லை. இனி அவன் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான்.

இறங்கும்போது விதிப்படி அவர் பின்னால். ஒவ்வொரு தட்டிலும் "மாட்டிட்டீங்களா மேடம்" மேலிருந்து வருகிறது, அதே குரல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. வெளிச்சத்திலிருந்து இலைக்குள், இலையிலிருந்து பச்சை இருட்டுக்குள். உயரத்தின் பயம் இல்லை, அல்லது இது வேறு பயம், இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், பத்திரிகைக்கு எழுத வேண்டும், என் பெயரை எடுத்து ஒவ்வொருவரும் என்ன சொல்வார்கள், மாணவர்கள் என்ன நினைப்பார்கள், எல்லாம் படிப்படியாகக் கூடவே இறங்குகிறது. தரையில் கால் வைத்ததும் மண் ஆடுவதுபோல் இருக்கிறது. கொட்டகைக்குள் வந்து பெல்ட்டைக் கழற்றுகிறேன். அவரும் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு வாக்கியம் மனதுக்குள் செய்துகொண்டிருக்கிறேன், அது நீளமாகிக்கொண்டே போகிறது. அவர் முந்திக்கொள்கிறார். "அந்தக் கடுதாசி ஆபீஸ்ல எம் ஃபைல்லயே இருக்கு மேடம். திரும்ப வேலைக்கு எடுத்தப்பவும் அத எடுக்கல. பென்ஷனுக்குப் போறப்ப அதத்தான் மொதல்ல படிப்பாங்க." என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார், குரலில் கோபம் இருக்கிறது, ஆறு வருடம் பழகின கோபம், அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. "நீங்க போன்ல சொன்னத எழுதிக் குடுங்க" என்கிறார். அளவுகள் எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைக்கிறார், பேனாவும். எழுதுகிறேன். தேதி, இடம், நான் யார், எந்தக் கடிதம். மேற்படி கடிதத்தில் நான் குறிப்பிட்டதற்கு மாறாக திரு. மாசாணமுத்து அவர்களிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை. கையெழுத்துப் போடாமல் அவரிடம் நீட்டுகிறேன். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக உதடு அசைய, கடைசிவரை படிக்கிறார். திரும்பி வந்து தாளை மேசையில் வைத்து அந்த ஒரு வரியின் மேல் விரலை வைக்கிறார். "இப்படி வேணாம் மேடம்" என்கிறார். "கவனக்குறைவு இல்லன்னு போடாதீங்க. படிக்கறவனுக்கு மறுபடி கவனக்குறைவுதான் கண்ணுல படும். கவனமா இருந்தார்னு போடுங்க." வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "அடிக்க வேணாம்" என்று நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தார். "புதுசா எழுதுங்க."